தாத்தாவை ராட்டினத்தில் ஏற்றிய நாள்

என் மகளே,

முதலில் மன்னித்துக்கொள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்குக் கடிதம் எழுதுவது சரியில்லைதான். உனக்கு இப்போது நான்கு வயது. 'அ' எழுதச் சொன்னால் யானை வரைகிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, பவுடர் டப்பா மூடியில் ஈர்க்குச்சிகளைச் செருகி ராட்டினம் செய்துகொண்டிருக்கிறாய். நான் அதே கட்டிலின் மேலே உட்கார்ந்து, வளர்ந்து பெரியவளாகிவிட்ட உனக்கு எழுதுகிறேன். எதிரே ஆள் இருந்தால் உன் அம்மாவுக்குப் பேச்சு வராது என்பது நீ இதைப் படிக்கும் வயதில் உனக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். பதினைந்து இருபது வருஷம் தள்ளி இருக்கிற ஒருத்தியிடம் என்றால் கொஞ்சம் துணிச்சல் வருகிறது. எழுதி முடித்ததும் என் பட்டச் சான்றிதழ் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இதை வைத்துவிடப் போகிறேன். ஏதாவது காகிதம் தேடி ஒருநாள் நீ அந்த உறையைத் திறக்காமலா இருப்பாய்?

நேற்று சாயந்திரம் நான் பார்த்த ஒன்றை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது போலிருக்கிறது. காலையில் பாலை இரண்டு முறை பொங்கவிட்டேன். உன் அப்பா, "என்னாச்சு உனக்கு, லாட்டரி விழுந்த மாதிரி திரியுற" என்று கேட்டார். ஆனால் நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால், தீபாவளி கழிந்து நாம் எல்லோரும் தீம் பார்க் போனோமே, அந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். உனக்கு அதில் அலைக் குளமும் பஞ்சுமிட்டாயும் மட்டும்தான் நினைவிருக்கும். நான் அந்த நாளில் என்ன வேலையாக வந்தேன் என்பது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்குகிறவர். வெடியின் உள்ளே போகும் பொடிகளைச் சலித்து ஒன்றாகக் கலந்து கொடுக்கும் வேலை. அதற்கென்று தனி அறை. மற்ற அறைகளை விட்டுத் தள்ளி, எதற்குத் தள்ளிக் கட்டினார்கள் என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி இருக்கும். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவார். உன் அம்மாச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, அதே கம்பெனியில் திரி வைக்கும் வேலை. அவர்கள் இரண்டு பேரும் அங்கே உழைத்த காசில்தான் நான் பி.காம். படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இப்போது சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் ஓர் அலுவலகத்தில் கணினியில் தட்டச்சு செய்கிறேன். மாவட்டத்தில் எந்தக் கம்பெனியில் தீப்பிடித்தாலும் செய்தி முதலில் வந்துசேரும் இடங்களில் எங்கள் வளாகமும் ஒன்று. தொலைபேசி அடித்ததும் யாராவது எழுந்து போய் எடுப்பார்கள். 'எந்த ஊர்?' என்று கேட்பார்கள். மறுமுனை ஊர்ப் பெயரைச் சொல்லி, அதை இவர் திருப்பிச் சொல்லும் வரை என் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நிற்கும். வேறு ஊர் என்றதும் எனக்கு மூச்சு வரும். வேறு ஊர் என்பதற்காக நிம்மதிப்பட்டேனே என்று பிறகு வெட்கமாக இருக்கும். இரண்டு வருஷமாக இப்படித்தான். அந்த அறையை விட்டுவிடுங்கள் என்று அப்பாவிடம் கேட்கவேண்டும் என்று இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்தேன். வீட்டில் வைத்துக் கேட்க வாய் வரவில்லை. சந்தோஷமாக ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய், அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிடலாம் என்று நான் போட்ட திட்டம்தான் தீம் பார்க்.

நம் பக்கம் தீபாவளிக்கு முன்னால் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அது முடிந்து கம்பெனிகள் கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும்போதுதான் ஊரே குளித்துப் புதுச்சட்டை போடும். நான் போகலாம் என்று சொன்னதும் தாத்தாவின் தெருவில் விஷயம் பரவி, நாம் ஐந்து பேர் பதினான்கு பேர் ஆகிவிட்டோம். தினமும் ஆட்களைக் கம்பெனிக்கு ஏற்றிப் போகும் அதே வேனையே பேசினோம். உன் அம்மாச்சி ஏறியதும் வழக்கமாக உட்காரும் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்துக்கே போனாள். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்து, "மாப்ள, கோவிச்சுக்காதீக, இது என் சீட்டு" என்றாள். ஊரை விட்டு வெளியே வந்து பாதை பிரியும் இடத்தில் டிரைவர் அண்ணன் பழக்கத்தில் கம்பெனிப் பாதைக்கே வண்டியைத் திருப்பிவிட்டார். வேன் முழுக்க ஒரே சிரிப்பு. "லீவுலயும் லோடு ஏத்தப் பாக்குறான்" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். தாத்தா மட்டும் சிரிக்காமல், அந்தப் பக்கம் தெரிந்த சுற்றுச்சுவரை எட்டிப் பார்த்து, "வேலிக்கிட்ட புல்லு மண்டிக் கெடக்கு, வெட்டச் சொல்லணும்" என்றார். காய்ந்த புல் என்றால் தீ. லீவு நாளிலும் அவர் கண் அதைத்தான் பார்த்தது. அப்போதே கேட்டிருக்கலாம். நீ என் மடியில் நின்றுகொண்டு, இன்னும் எத்தனை பாலம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாய். எனக்கும் அதே அவசரம்தான். மதுரையைத் தாண்டி, மரங்களுக்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாக ராட்டினத்தின் உச்சி தெரிந்தபோது நான் உன்னை விடச் சத்தமாகக் கத்தினேன் என்று உன் அப்பா இன்றைக்கும் கேலி செய்கிறார்.

இனி சொல்லப்போவது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. வாசலில் பைகளைச் சோதிக்க ஒரு வரிசை நின்றது. சீருடை போட்ட பையன் கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தடவி அனுப்பினான். அதைப் பார்த்ததும் நம் ஆட்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடி ஜோடியாக அடுக்கினார்கள். தாத்தா மடியிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அம்மாச்சி சேலையில் குத்தியிருந்த ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் உருவித் தாத்தாவின் துண்டில் முடிந்தாள். கம்பெனி வாசலில் தினமும் அப்படித்தானே. செருப்போடு உள்ளே போகக்கூடாது, உரசுகிற பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது. சோதனை என்றால் அவர்களுக்குத் தெரிந்தது அந்தச் சோதனைதான். சுற்றியிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, எங்கள் அலுவலகப் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா தன் குடும்பத்தோடு பின்னால் வந்து நின்றார். "அட, நீயா? இவங்கல்லாம் யாரு, உன் ஆளுங்களா?" என்று சிரித்தபடி கேட்டார். தாத்தா இரண்டு கை தூரத்தில், வெறுங்காலோடு, கையில் பீடிக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னேன்: "எங்க ஊர்க்காரங்க மேடம்."

நான் காலில் செருப்போடு நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சீருடைப் பையன் நல்லவன். "செருப்பப் போட்டுக்கங்கய்யா, உள்ள தரை சுடும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினான். தாத்தா போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று அன்றைக்கு மத்தியானம் வரை எனக்குத் தெரியவில்லை. வேலையிடத்தில் யாராவது உன் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி யார் என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாதே, மகளே. எனக்கு அரை நொடிதான் ஆனது. எல்லாம் அந்த அரை நொடியில் நடந்தது.

உள்ளே போனதும் அதை நினைத்துக்கொண்டிருக்க நீ விடவில்லை. எங்கே திரும்பினாலும் ஏதோ ஒன்று சுற்றியது, தூக்கியது, தண்ணீரை வாரி இறைத்தது. நீ எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்றாய். உன் உயரத்தை ஒரு பலகையில் அளந்து பார்த்து, பாதி விளையாட்டுகளுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். "சோறு திங்கச் சொன்னா கேட்டாத்தான" என்று அம்மாச்சி உனக்கு அங்கேயே ஒரு குட்டு வைத்தாள். அலைக் குளத்தில் பெரிய சண்டையே நடந்தது. பருத்திச் சேலையோடு தண்ணீரில் இறங்கக்கூடாதாம். நைலான் உடுப்பு வாடகைக்குத் தருவார்களாம். அம்மாச்சி அந்த உடுப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். இருபது வருஷமாகப் பருத்தி தவிர வேறெதுவும் உடுத்தி வேலைக்குப் போகாதவள். நைலான் உரசினால் பொறி வரும், பொறி வந்தால் கதை முடிந்தது என்று புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள். "எங்க கம்பெனியில நைலான் போட்டா வெளிய அனுப்புவாக. இங்கன பருத்தி போட்டா வெளிய அனுப்புறீக. நான் எங்கதேன் போறது?" என்று உடுப்புக் கொடுக்கிற பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, இங்க சுத்தியும் தண்ணிதாம்மா, தீப்பிடிக்க இடமே இல்ல" என்றாள். அம்மாச்சி யோசித்தாள். அது நியாயமாகப் பட்டது. பத்து நிமிஷத்தில் நீல நிறக் கால்சட்டையும் தொளதொள மேல்சட்டையுமாக வெளியே வந்து, "யாரும் என்னையப் பாக்காதீக" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கினாள். முதல் அலை வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தாள். தாத்தா கரையிலிருந்து, "ஏ, ஒரேயடியா மெதந்து போயிராத, ராத்திரிக்குச் சோறு ஆக்கணும்" என்றார். "இன்னைக்கு நீங்க ஆக்குங்க" என்று அடுத்த அலைக்குள் இருந்து பதில் வந்தது.

சாப்பிடும்போது கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கட்டுச்சோற்றைப் பிரித்து, ஒரு பெரிய கொட்டகைக்குள் மேசை மேசையாக உட்கார்ந்திருந்தோம். புளியோதரை உன் மூக்கு வரைக்கும் ஏறியிருந்தது. பக்கத்தில் யாருக்கோ பிறந்தநாள், தூணெல்லாம் பலூன். 'அப்பா' என்று நான் வாயைத் திறந்த நேரத்தில் ஒரு பலூன் வெடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கொட்டகையில் இருந்த இருநூறு பேரில் யாரும் தலையைத் தூக்கவில்லை. நம் ஆட்கள் பன்னிரண்டு பேர் இல்லாமல் போயிருந்தார்கள். மேசையில் இலையும் சோறும் இருந்தது, நானும் உன் அப்பாவும் இருந்தோம். மற்றவர்கள் எல்லோரும் நாலு பக்கமும் வெளியே, வெட்டவெளியில் நின்றார்கள். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே, எதையும் எடுக்காதே, வெளியே ஓடு என்பது அவர்கள் பாடம். எதையும் எடுக்காதே என்ற பாடத்தைத் தாத்தா ஒருவர்தான் மீறியிருந்தார். அவர் இடுப்பில் நீ இருந்தாய். கையில் பாதி அப்பளத்தோடு, இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். உன்னை ஒன்பது மாதம் சுமந்த நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். "பலூனுக்குப் போயா" என்று தாத்தாவும் சிரித்தார். ஆனால் தண்ணீர் குடிக்கத் தம்ளரைத் தூக்கியபோது அவர் கை நடுங்கி, சட்டையில் தண்ணீர் தளும்பியது. தம்ளரை வைத்துவிட்டுக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் ஒவ்வொரு நாளும் அந்தக் கையோடுதான் அவர் அந்த அறைக்குள் போயிருக்கிறார். எனக்குத்தான் பயம், அவருக்குப் பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான், அவர் மறுபடி சிரிக்கும்போது கேட்டுவிடலாம் என்று, ராட்டினத்தில் ஏறியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உன் அப்பா மேலே பார்த்துவிட்டு, பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கீழேயே நின்றுகொண்டார். ஒரு பெட்டியில் நாலு பேர். நீயும் நானும் ஒரு பக்கம், அவர்கள் இரண்டு பேரும் எதிரே. பெட்டி தரையை விட்டதும் அம்மாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தாத்தா கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். நாம் ஏற ஏறக் காற்று கூடியது. கீழே அலைக் குளம் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தெரிந்தது. நீ கைதட்டிக்கொண்டே இருந்தாய். உச்சியில் பெட்டி ஒரு கணம் நின்று ஆடியபோது, தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். நான் கேட்டேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுமே வரவில்லை.

"அப்பா, அந்த ரூம் வேணாம்ப்பா. விட்டுருங்க."

அவர் கம்பியை விடாமல் என்னைப் பார்த்தார். "கேக்குறது யாரு? ஊர்க்காரியா, எம் மகளா?"

பெட்டி இறங்கத் தொடங்கியிருந்தது. "மகதேன்" என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். காற்றில் எதுவும் நிற்கவில்லை.

"அப்பச் சரி. ஊர்க்காரி சொன்னாக் கேக்கணும்னு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குறும்புதான் இருந்தது. தரை கிட்டே வந்து, கையாட்டுகிற உன் அப்பாவைக் கடந்து, மறுபடி மேலே ஏறினோம். பாதி உயரத்தில் அவர் குரல் மாறியது. "நான் வெளிய வந்தா அங்கன வேற ஒருத்தன் போவான், தாயி. அவனுக்கும் மக இருக்கும்."

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். ஆனாலும் கேட்கிறேன் என்றேன். அவர் கீழே தெரிந்த தரையை எட்டிப் பார்த்தார். அப்புறம், மருந்து அறையை விட்டால் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பக்கம்தான் தருவார்கள், அங்கே முழுக்கப் பெண்கள்தான் இருக்கிறார்கள் என்று ஒரு நொண்டிச்சாக்குச் சொன்னார். அதுவரை கண்ணைத் திறக்காமல் இருந்த அம்மாச்சி, கண்ணைத் திறக்காமலே பேசினாள்: "இருந்தா இருக்கட்டும். குனிஞ்ச தலை நிமிராம ஒட்டுங்க. இப்பச் சரின்னு சொல்லலைன்னா நானும் எறங்க மாட்டேன், உங்களையும் எறங்க விடமாட்டேன். ராப்பகலா இதுலயே சுத்துவோம்." நீ உடனே, "ஆமா, எறங்க வேணாம்" என்று குதித்தாய். தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனி தொறக்கட்டும், கேட்டுப் பாக்குறேன்" என்றார். "இந்த ஒரு சீசன் பெட்டி ஒட்டிப் பாக்குறேன். கை சும்மா இருக்குமான்னு தெரியல."

பார்க்கிலிருந்து கிளம்பும்போது, கண்காணிப்பாளர் அம்மாவை வண்டி நிற்குமிடத்தில் மறுபடி பார்த்தேன். காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நானாகப் போய் நின்றேன். "மேடம், காலைல சரியாச் சொல்லல. அவர் எங்க அப்பா. பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குறார்" என்றேன். மூன்றே வாக்கியம்தான், ஆனால் காது வரை சூடாகிவிட்டது. அவர் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. "அப்படியா, அந்த அம்மா தண்ணியில ஆடுன ஆட்டத்தப் பாத்தேன், உங்கம்மாவா?" என்று கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். இதற்காகவா அன்று முழுவதும் நெஞ்சில் கல்லோடு திரிந்தேன் என்று இருந்தது.

நேற்றுதான் கம்பெனி திறந்தார்கள். சாயந்திரம் உன்னைத் தூக்கிக்கொண்டு, நாம் குடியிருக்கும் சாத்தூரிலிருந்து பஸ் ஏறி ஊருக்குப் போனேன். வேன் வரும் இடத்தில் நின்றேன். அம்மாச்சி இறங்கினாள். பின்னால் தாத்தா. வழக்கமாக வேலை முடிந்து இறங்கும்போது அவர் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளிப் பொடி மினுங்கும். குளித்தாலும் முழுதாகப் போகாது. நேற்று அவர் முகம் வெறும் முகமாக இருந்தது. விரல்களில் பசை காய்ந்து தோல் தோலாக நின்றது. நீ அவர் மடியில் உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாக உரித்தாய். "இன்னைக்கு நான் ஒட்டுனதுல பாதிப் பெட்டி கோணல். பொம்பளைக எல்லாம் சிரிக்காக" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் திரும்பி நின்றுகொண்டேன். மகளே, அந்தச் சந்தோஷத்தில்தான் பால் பொங்கியது. அவர் இருந்த அறைக்கு இப்போது வேறொருவர் போகிறார். அவரை எனக்குத் தெரியும். அன்று வேனில் நம்மோடு வந்தவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அலுவலகத்தில் தொலைபேசி அடித்தால் இனிமேலும் என் விரல்கள் நிற்கும். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நீ பெரியவளாகும்போது உனக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியாக, இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒன்று. வாசலில் நான் சொன்ன வார்த்தையைத் தாத்தா கேட்டார், மன்னித்தும் விட்டார். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த படிவத்தில், தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது. மூன்று வருஷமும் எல்லாப் படிவத்திலும் அதையே எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தை நான் விரலால் காட்ட, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல், தன் பெயரின் நான்கு எழுத்தையும் மெதுவாக எழுதிக்கொடுத்தார். அந்த நான்கு எழுத்துக்கு மேல் அவருக்கு வாசிக்கத் தெரியாது. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல என்னால் முடியாது. ராட்டினம் எவ்வளவு உயரம் போனாலும் முடியாது. அதனால் உன்னிடம் கேட்கிறேன். நீ இதைப் படிக்கும் நாளில் அவர் இருப்பார், இருக்க வேண்டும். இதை மனதுக்குள் வாசிக்காதே. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து, சத்தமாக வாசி.

உன் அம்மா